எரித்தும் அழியாத ‘கண்ணாடி’: மார்கரெத் பொரேத்தின் நூலும் அதன் கையெழுத்துப் பிரதிகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1310 ஜூன் 1 அன்று பாரிஸில் மார்கரெத் பொரேத் என்ற பெண்ணை உயிரோடு எரித்தார்கள். அவர் எழுதிய புத்தகம் யாரிடம் இருந்தாலும் ஒப்படைத்துவிட வேண்டும், வைத்திருப்பவர் திருச்சபையிலிருந்து விலக்கப்படுவார் என்றும் உத்தரவு போட்டார்கள். ஆனாலும் அந்தப் புத்தகம் இன்று நம் கையில் இருக்கிறது. பிரெஞ்சு, லத்தீன், இத்தாலியன், ஆங்கிலம் என்று நான்கு மொழிகளில் யாரோ சிலர் அதைக் கையால் எழுதி எழுதிக் காப்பாற்றினார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெயர் தெரியாதவர்கள். ‘எளிய ஆன்மாக்களின் கண்ணாடி’ என்ற அந்த நூலைப் பற்றியும் அதன் பழைய பிரதிகளைப் பற்றியும் வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

இது என்ன மாதிரியான நூல்?

ஓர் ஆன்மா கடவுளிடம் முற்றிலும் கரைந்து, ‘நான்’ என்று சொல்லிக்கொள்ள எதுவுமே மிஞ்சாத நிலைக்குப் போவதைப் பற்றிய உரையாடல். 13ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்து இருபது ஆண்டுகளில் பழைய பிரெஞ்சில் எழுதப்பட்டது. உரைநடைதான், நடுநடுவே பாட்டும் வரும். மொத்தம் 140க்குச் சற்றுக் குறைவான சிறு சிறு அத்தியாயங்கள். சில நான்கைந்து வரியிலேயே முடிந்துவிடும்.

‘கண்ணாடி’ என்று நூலுக்குப் பெயர் வைப்பது அந்தக் காலத்து ஐரோப்பாவில் சாதாரணம். அரசனுக்கு ஒரு கண்ணாடி, துறவிக்கு ஒரு கண்ணாடி என்று நிறைய இருந்தன. படிப்பவர் தன்னைப் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பது அதன் பொருள். மார்கரெத்தின் கண்ணாடியில் கடைசியில் பார்க்கிறவரே இருப்பதில்லை.

யார் யாரோடு பேசுகிறார்கள்?

முக்கியமாக மூவர்: அன்பு, ஆன்மா, அறிவு. மூவருமே பெண்கள். அன்பு என்பது கடவுளே. ஆன்மா அந்த அன்பில் திளைப்பவள். அறிவு பாவம், ஒவ்வொரு வரியிலும் திகைத்துப்போய், “இது எப்படி? கொஞ்சம் புரியும்படி சொல்லுங்கள்” என்று கேட்டுக்கொண்டே இருப்பவள். படிக்கும் நமக்கு எழும் சந்தேகங்களை எல்லாம் அறிவுதான் கேட்கிறாள். அதனால் எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம் அவள்தான்.

87ஆம் அத்தியாயத்தில் ஆன்மா சொல்லும் ஒரு பேச்சைத் தாங்க முடியாமல் அறிவு செத்தே போகிறாள். மேடையில் நடப்பது போல, எல்லோர் முன்னாலும் உயிரை விடுகிறாள். அதன்பின் நடப்பது இன்னும் அழகு. அறிவு உயிரோடு இருந்திருந்தால் அடுத்து என்ன கேட்டிருப்பாளோ அதை அவளுக்குப் பதிலாக நானே கேட்கிறேன் என்று அன்பு முன்வருகிறாள். கேள்வி கேட்கும் குரலை ஒழித்துவிட்டு நூல் மேலே போவதில்லை. அந்தக் குரலை அன்பு தன் வாயில் எடுத்துக்கொள்கிறாள்.

நூலின் தொடக்கத்தில் ஒரு கதை வருகிறது. தொலைதூர நாட்டில் ஓர் இளவரசி, மாவீரன் அலெக்சாந்தரின் புகழைக் கேட்டே அவர்மேல் காதல் கொள்கிறாள். நேரில் பார்க்க வழியில்லை. மனத்தில் இருக்கும் உருவத்தை ஒரு படமாக வரையச் செய்து, அதைப் பார்த்துத் தேற்றிக்கொள்கிறாள். ஆன்மாவுக்கும் அப்படித்தான், எட்டாத் தொலைவில் இருக்கும் அரசர் தன் நினைவாக இந்தப் புத்தகத்தையே தந்தார் என்கிறாள். அந்த அரசருக்கு நூலில் ஒரு செல்லப் பெயரும் உண்டு: ‘தூரத்தில் இருக்கும் பக்கத்தவர்’.

அப்படி எரிக்கும் அளவுக்கு அதில் என்ன இருக்கிறது?

ஆறாம் அத்தியாயத்தில் ஆன்மா நற்பண்புகளைப் பார்த்து, “உங்களிடமிருந்து விடைபெறுகிறேன்” என்கிறாள். தாழ்ச்சி, பொறுமை, கற்பு என எல்லாவற்றுக்கும் இத்தனை நாள் அடிமையாக உழைத்தது போதும் என்கிறாள். திருச்சபை ஆட்களின் காதில் இது எப்படி விழுந்திருக்கும்? ஒழுக்கமே வேண்டாம் என்று சொல்கிறாள் என்றுதான் எடுத்துக்கொண்டார்கள்.

நூலைப் பொறுமையாகப் படித்தால் வேறு படம் தெரியும். ஆன்மாவின் பயணத்தில் ஏழு படிகள். முதல் படி கட்டளைகளை மீறாமல் வாழ்வது, இரண்டாவது கிறிஸ்துவைப் பின்பற்றி எல்லாவற்றையும் துறப்பது. மூன்றாவதில், தான் செய்யும் நற்செயல்கள் மேல் வைத்திருக்கும் பற்றையே அறுக்க வேண்டும். நான்காவதில் தியானத்தின் தித்திப்பு. பெரும்பாலோர் இதுதான் உச்சி என்று நினைத்து இங்கேயே தங்கிவிடுகிறார்கள், அது ஏமாற்று என்கிறார் மார்கரெத். ஐந்தாவதில் ஆன்மா தன் விருப்பத்தையே கடவுளிடம் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. ஆறாவது ஒரு மின்னல், திறந்த உடனே மூடிக்கொள்ளும். ஏழாவது உடலை விட்ட பிறகுதான்.

ஐந்தாம் படியில் நிற்கும் ஆன்மா நற்பண்புகளைத் தேடி ஓடுவதில்லை. அவை தாமாகவே அவளுக்கு ஏவல் செய்கின்றன. இதைத்தான் ‘விடைபெறுதல்’ என்கிறார். அந்த ஆன்மாவைப் பற்றிச் சொல்லும்போது ஓர் ஆற்றை உவமை காட்டுகிறார்: சென் நதியோ வேறெந்த நதியோ, ஓடிக்கொண்டிருக்கும் வரை அதற்கு ஒரு பெயர் இருக்கும், கடலில் சேர்ந்ததும் ஓட்டமும் போய்விடும், பெயரும் போய்விடும், ஓடிய களைப்பும் தீர்ந்துவிடும்.

இன்னொன்றும் அதிகாரத்தில் இருந்தவர்களை உறுத்தியிருக்கும். அறிவு ஆளும் திருச்சபையை அவர் ‘சின்னத் திருச்சபை’ என்கிறார். அன்பு ஆளும், கண்ணுக்குத் தெரியாத ஆன்மாக்களின் கூட்டம்தான் ‘பெரிய திருச்சபை’. ஆயர்களும் பேராசிரியர்களும் இதில் எந்தப் பக்கம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மார்கரெத் பொரேத் யார்?

அவர் வாழ்க்கையைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் அவரைத் தண்டித்தவர்கள் எழுதி வைத்ததுதான். இன்றைய பிரான்ஸ்–பெல்ஜியம் எல்லையில் உள்ள எய்னோ பகுதியைச் சேர்ந்தவர். வலன்சியன் நகரத்தோடு தொடர்புள்ளவர். ஆவணங்கள் அவரை ‘பெகின்’ என்று குறிக்கின்றன. பெகின்கள் என்பவர்கள் கன்னியர் மடத்தில் சேராமல், நிரந்தர வாக்குறுதி எடுக்காமல், நகரத்திலேயே செபமும் உழைப்புமாக வாழ்ந்த பெண்கள். நெய்தல் வேலை, நோயாளிகளைக் கவனிப்பது என்று பிழைப்பு. எந்த ஆணின் கட்டுப்பாட்டிலும் முழுதாக இல்லாததால் அவர்கள் மேல் எப்போதும் ஒரு சந்தேகப் பார்வை இருந்தது.

மார்கரெத் அவர்களோடும் ஒட்டவில்லை. நூலின் பிற்பகுதியில் ஒரு பாட்டில் பெகின்கள், குருக்கள், போதகத் துறவிகள், அகுஸ்தீனியர், கார்மேல் சபையார், பிரான்சிஸ்கன்கள் என்று வரிசையாகச் சொல்லி, இவர்கள் எல்லோரும் நான் தவறுகிறேன் என்கிறார்கள் என்கிறார். ஒதுக்கப்பட்டவரின் வலி அந்த வரிசையில் தெரிகிறது.

வழக்கு எப்படி நடந்தது?

முதல் முறை புத்தகத்தை மட்டும் எரித்தார்கள். 1296க்கும் 1306க்கும் இடையில் காம்ப்ரே ஆயராக இருந்த கீ, வலன்சியனில் மார்கரெத்தின் கண்ணெதிரே நூலைத் தீயிலிட்டு, இனி இதைப் பரப்பக் கூடாது என்று தடை விதித்தார். அவர் அடங்கவில்லை. சாலோன் ஆயருக்கே ஒரு பிரதி அனுப்பினார். மூன்று அறிஞர்களிடம் கருத்தும் வாங்கியிருந்தார்: ஜான் என்ற பிரான்சிஸ்கன், வில்லேர் மடத்தின் சிஸ்டர்சியத் துறவி பிராங்கோ, பாரிஸ் பல்கலைக்கழகத்தில் பெரிய பெயரெடுத்த கோட்ஃபிராய். மூவரும் நூலைப் பாராட்டினார்கள். கூடவே, கோட்ஃபிராய் ஓர் எச்சரிக்கையும் சொன்னார்: நிறையப் பேர் இதைப் பார்க்க வேண்டாம், இந்த நிலைக்கு எட்டாதவர்கள் தங்கள் வழியையும் விட்டுவிட்டு ஏமாந்துபோகக்கூடும்.

1308இல் மார்கரெத் பாரிஸில் காவலில் இருந்தார். விசாரித்தவர் டொமினிக்கன் சபையைச் சேர்ந்த பாரிஸின் கியோம். மன்னர் நான்காம் பிலிப்பின் பாவசங்கீர்த்தன குரு அவர். டெம்ப்ளர்கள் என்ற சிலுவைப்போர்த் துறவி வீரர்கள் மேல் நடந்த வேட்டையிலும் அவருக்குப் பங்குண்டு. சுமார் ஒன்றரை ஆண்டு மார்கரெத் வாய் திறக்கவில்லை. சத்தியப் பிரமாணம் எடுக்கவும் மறுத்தார், ஒரு கேள்விக்கும் பதில் சொல்லவில்லை. அவருக்காகப் பேச வந்த கியார் என்பவர் பிடிபட்டு, பயந்து மன்னிப்புக் கேட்டு, ஆயுள் சிறை பெற்றார்.

1310 ஏப்ரல் 11 அன்று 21 இறையியல் அறிஞர்கள் கூடி, நூலிலிருந்து உருவியெடுத்த வாக்கியங்களைத் தப்பறை, அதாவது திருச்சபைப் போதனைக்கு எதிரானவை, என்று தீர்த்தார்கள். முழுப் புத்தகமும் அவர்கள் முன் வைக்கப்பட்டதாகத் தெரியவில்லை. ஏற்கெனவே தடை பெற்றும் மீண்டும் பரப்பியதால் அவர் ‘திரும்ப விழுந்தவர்’ ஆனார். அதற்கு மரணம்தான் தண்டனை. மே 31இல் தீர்ப்பு. மறுநாள் பிளாஸ் தெ கிரேவ் சதுக்கத்தில் நெருப்பு. அவர் மேல் கொஞ்சமும் அன்பில்லாத வரலாற்றுக் குறிப்பெழுத்தாளரே, சாகும்போது அவர் காட்டிய பக்தியையும் நிதானத்தையும் கண்டு கூடியிருந்த பலர் கண்ணீர் விட்டதாக எழுதியிருக்கிறார்.

அந்த வாக்கியங்களை நியாயமாகத்தான் எடுத்தார்களா?

இல்லை என்பதே என் கருத்து. ஒன்றைப் பாருங்கள். இல்லாமலான ஆன்மா, இயற்கை கேட்பதையெல்லாம் மனச்சாட்சி உறுத்தாமல் கொடுக்கலாம் என்று அவர் போதித்ததாக அந்தக் குறிப்பெழுத்தாளர் பதிவு செய்கிறார். நூலில் அந்த வரி அதோடு நிற்கவில்லை. அத்தகைய ஆன்மாவின் இயற்கை அவ்வளவு ஒழுங்குபட்டுவிட்டது, அதனால் தடைசெய்யப்பட்ட எதையும் அது கேட்பதே இல்லை என்று தொடர்கிறது. பாதியை வெட்டிவிட்டு மீதியைக் காட்டினால் எந்த ஞானியையும் எரித்துவிடலாம்.

1311–12இல் பிரான்சின் வியன் நகரில் கூடிய திருச்சபைப் பொதுச்சங்கம் பெகின்களையும், கடவுளோடு ஒன்றிய ஆன்மாவுக்குச் சட்டதிட்டம் தேவையில்லை என்று சொன்னதாகக் குற்றம்சாட்டப்பட்ட ‘சுதந்திர ஆவி’க்காரர்களையும் கண்டித்து எட்டுத் தவறுகளைப் பட்டியலிட்டது. அவற்றில் சில இந்த நூலிலிருந்தே போனவை போலிருக்கின்றன.

தடை விதித்த நூல் எப்படித் தப்பியது?

ஆசிரியர் பெயரை இழந்துதான். இன்று இருக்கும் பிரதிகளில் ஒன்றில்கூட ‘மார்கரெத் பொரேத்’ என்ற பெயர் இல்லை. பாரிஸ் உத்தரவு போனபோது பிரதிகள் ஏற்கெனவே பல கைகளுக்குப் போயிருந்தன. பெயர் இல்லாமல் ஒரு மடத்தின் அலமாரியில் கிடக்கும் பக்தி நூலை யார் சந்தேகிப்பார்கள்? அதை எழுதியவர் யாரோ ஒரு பெரிய ஞானி, அநேகமாக ஆண் துறவி என்று நினைத்தே பலர் படித்தார்கள், படியெடுத்தார்கள், மொழிபெயர்த்தார்கள்.

எத்தனை பிரதிகள், எங்கெங்கே இருக்கின்றன?

பிரெஞ்சில் முழுமையானது ஒன்றே ஒன்று. பாரிஸுக்கு வடக்கே ஷாந்தியியில் உள்ள கொந்தே அருங்காட்சியகத்தில். லத்தீனில் பல, பெரும்பாலானவை வத்திக்கான் நூலகத்தில், ஒன்று ஆக்ஸ்ஃபோர்டில். இத்தாலியனில் நான்கு: ஃபிளாரன்ஸ், நேப்பிள்ஸ், வியன்னா, புடாபெஸ்ட். இடைக்கால ஆங்கிலத்தில் மூன்று: லண்டன், ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ். இவை தவிர, ஆங்கிலத்திலிருந்து திரும்பவும் லத்தீனுக்குப் போன ஒன்று கேம்பிரிட்ஜின் பெம்ப்ரோக் கல்லூரியில். 1491இல் அதைச் செய்தவர் வட இங்கிலாந்தின் மவுண்ட் கிரேஸ் கார்த்தூசிய மடத்துத் துறவி ரிச்சர்டு மெத்லி. பிரெஞ்சிலிருந்து ஆங்கிலம், ஆங்கிலத்திலிருந்து லத்தீன். தாய்மொழியை விட்டு எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது பாருங்கள்.

மார்கரெத் தன் கைப்பட எழுதியது கிடைத்திருக்கிறதா?

இல்லை. அவர் காலத்துப் பிரதி எதுவுமே இல்லை. ஷாந்தியிப் பிரதி 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலோ அதற்குச் சற்றுப் பின்னரோ எழுதப்பட்டது. ஒர்லேயான் அருகே மக்தலேன் கன்னியர் மடத்தில் இருந்தது. ஆசிரியர் இறந்து ஏறக்குறைய 200 ஆண்டு கழித்து, மொழியே மாறிவிட்ட காலத்தில் எழுதிய படி அது. எழுத்தர் பழைய சொற்களைத் தன் காலத்துக்குப் புதுக்கியிருக்கிறார். மூன்று அறிஞர்களின் பாராட்டுரைகள்கூட அதில் கிடையாது. லத்தீன், ஆங்கிலப் பிரதிகளில்தான் அவை வருகின்றன.

ஆனாலும் ஒரு விஷயம் மனதைத் தொடுகிறது. ஒரு பெண் எழுதிய நூலின் மூலமொழிப் பிரதி, பெண்கள் வாழ்ந்த ஒரு மடத்தில்தான் தங்கிக் கிடந்திருக்கிறது.

ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ‘எம். என்.’ யார்?

தெரிந்தது அந்த இரண்டு எழுத்துகள் மட்டுமே. லண்டன் ஆயர் மைக்கேல் நார்த்பர்க்காக இருக்கலாம் என்று முன்பு ஒரு ஊகம் இருந்தது. அதற்குப் பெயரின் முதலெழுத்துகளைத் தவிர ஆதாரமில்லை.

ஆளைப் பற்றித் தெரியாவிட்டாலும் அவர் மேசை எப்படி இருந்தது என்று நமக்குத் தெரியும். முன்னுரையில் அவரே சொல்கிறார்: இந்த நூலை முன்பே ஒரு முறை மொழிபெயர்த்தேன், சில சொற்களைப் படித்தவர்கள் தவறாக எடுத்துக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன், அதனால் மறுபடி செய்கிறேன். இன்னொரு புலம்பலும் உண்டு. தன்னிடம் இருக்கும் பிரெஞ்சுப் பிரதி மிக மோசமாக எழுதப்பட்டது, சில இடங்களில் சொற்களும் அசைகளும் விட்டுப்போய் அர்த்தமே இல்லாமல் கிடக்கிறது என்கிறார். பழைய சுவடியோடு மல்லுக்கட்டிய எவருக்கும் அந்த வேதனை புரியும்.

சிக்கலான இடங்களில் 15 விளக்கக் குறிப்புகளை அவர் சேர்த்தார். ஒவ்வொரு குறிப்பின் தொடக்கத்திலும் ‘எம்’, முடிவில் ‘என்’. மூலம் எது, தன் பேச்சு எது என்று வாசகர் குழம்பக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. நற்பண்புகளிடம் ‘விடைபெறும்’ இடத்துக்கும் ஒரு குறிப்பு உண்டு: தொடக்கத்தில் ஆன்மா நற்பண்புகளுக்காகப் படாத பாடு படுகிறது, அன்பு கைகூடியதும் அந்தப் பாடுதான் நிற்கிறது, பண்புகள் போய்விடுவதில்லை. இது தடைசெய்த நூல் என்று அவருக்குத் தெரிந்திருந்ததா? அப்படிக் காட்டும் ஒரு வரியும் இல்லை. ஆனால் ஆபத்தான இடங்கள் எவை என்று அவர் விரல் சரியாகவே கண்டுபிடித்திருக்கிறது; பாரிஸ் அறிஞர்கள் முதலில் எடுத்த வாக்கியமும் இந்த ‘விடைபெறுதல்’தான்.

ஏன் எப்போதும் கார்த்தூசியர் மடங்களே இந்தக் கதையில் வருகின்றன?

ஆங்கிலப் பிரதிகள் கார்த்தூசியத் துறவிகளின் வட்டத்தில் புழங்கியவை. ஆக்ஸ்ஃபோர்டில் இருப்பது லண்டன் கார்த்தூசிய மடத்துக்குச் சொந்தமாக இருந்தது. கார்த்தூசியர்கள் ஊரில் போதிக்க மாட்டார்கள். ஒவ்வொருவரும் தனி அறை, தனித் தோட்டம், பேச்சு மிகக் குறைவு. 12ஆம் நூற்றாண்டில் அவர்களின் ஒழுங்குமுறையை எழுதிய கீகோ, வாயால் இறைவார்த்தையைப் போதிக்க முடியாத நாம் கையால் போதிப்போம் என்றார். படியெடுப்பதுதான் அவர்களின் பிரசங்கம். அறையில் தோலும், மையும், இறகுப் பேனாவும், கோடு போடும் கருவியும் இருக்க வேண்டும் என்பதே விதி.

கோட்ஃபிராய் சொன்ன எச்சரிக்கையை நினைத்துப் பாருங்கள்: நிறையப் பேர் பார்க்க வேண்டாம். அந்த மடத்தின் சுவர்களுக்குள் நிறையப் பேர் இல்லை. இருந்த சிலரும் இப்படிப்பட்ட நூலுக்குத் தயாரானவர்கள். இதைவிடப் பொருத்தமான இடம் அந்த நூலுக்கு ஐரோப்பாவில் கிடைத்திருக்காது.

லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் பிரதிக்கு ‘ஆம்ஹர்ஸ்ட் சுவடி’ என்று பெயர். நார்விச் ஜூலியன் என்ற ஆங்கிலேய ஞானிப் பெண் தன் காட்சிகளைப் பற்றி எழுதிய நூலின் குறும்பாடமும் அதில் இருக்கிறது. அந்தப் பாடத்துக்கு உலகில் அது ஒன்றே பிரதி. எரிக்கப்பட்ட பெண்ணும், மதிக்கப்பட்ட பெண்ணும் ஒரே அட்டைக்குள். தொகுத்தவருக்கு அந்த வேறுபாடு தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஷீன் கார்த்தூசிய மடத்துத் துறவி ஜேம்ஸ் கிரீன்ஹால் அந்தச் சுவடியைப் படித்து, ஓரங்களில் தன் முதலெழுத்துகளைப் பின்னிப் போட்டுக் குறிப்பெழுதியிருக்கிறார்.

இத்தாலியப் பிரதிகளில் ஆசிரியர் பெயர் இருக்கிறதாமே?

இருக்கிறது, ஆனால் வேறு ஒருவர் பெயர். ஹங்கேரி அரசரின் மகளான அருளாளர் மார்கரெத் எழுதியது என்கின்றன. அவர் 1270இல் இறந்த டொமினிக்கன் கன்னியர். இந்த நூலுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. ஆனால் ‘மார்கரெத்’ என்ற பெயர் எங்கிருந்து வந்தது? உண்மைப் பெயரின் பாதி யாரோ ஒருவர் நினைவில் தங்கி, பாதுகாப்பான ஒரு புனிதரோடு ஒட்டிக்கொண்டதா? நிரூபிக்க வழியில்லை. தற்செயல் என்று தள்ளிவிடவும் எனக்கு மனம் வரவில்லை.

இத்தாலியில் நூல் அமைதியாகவும் இருக்கவில்லை. 15ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற போதகர் சியெனா பெர்னார்தினோ, பிரசங்கங்களில் இதன் பேரைச் சொல்லியே எச்சரித்தார். அப்படி எச்சரிக்கும் அளவுக்கு ஜனங்கள் படித்துக்கொண்டிருந்தார்கள் என்று அர்த்தம்.

எழுதியவர் யார் என்று எப்போது தெரிந்தது?

1946இல். ரோமானா குவார்னியேரி என்ற இத்தாலிய அறிஞர் வத்திக்கானில் இருந்த லத்தீன் பிரதியைப் படித்தபோது, பாரிஸ் வழக்கு ஆவணங்களில் மேற்கோளாக வரும் வாக்கியங்கள் அதில் இருப்பதைக் கண்டார். ‘லொஸ்ஸெர்வாத்தோரே ரொமானோ’ நாளிதழில் அந்த ஆண்டு ஜூன் 16 அன்று வெளியிட்டார். அதாவது, குற்றம்சாட்ட உருவிய வாக்கியங்களே 636 ஆண்டு கழித்து ஆசிரியரை அடையாளம் காட்டின.

அதற்கு முன் 1927இல் கிளேர் கிர்ச்பெர்கர் ஆங்கிலப் பாடத்தை ‘பெயர் தெரியாத பிரெஞ்சு ஞானி’யின் நூலாகப் பதிப்பித்தபோது, கத்தோலிக்க அதிகாரிகளின் அச்சு அனுமதியோடே அது வெளிவந்தது. ஒரு திருச்சபை எரித்ததை அதே திருச்சபை, எரித்தது தெரியாமல், படிக்கலாம் என்று சொன்னது. பெயரை எடுத்துவிட்டு வாசித்தால் நூலில் யாரும் குற்றம் காணவில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? தத்துவ அறிஞர் சிமோன் வெய்ல் படித்ததும் அந்தப் பதிப்பைத்தான். அவர் 1943இல் இறந்தார். எழுதியது ஒரு பெண் என்று தெரிந்துகொள்ள அவருக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.

இத்தனை பிரதிகளில் எதை நம்புவது?

நெடுநாள் ஷாந்தியிப் பிரதியே மூலம் போலக் கருதப்பட்டது, மொழி பிரெஞ்சு என்பதால். ஆனால் பிரதிகளை எடைபோடும்போது மொழி மட்டும் போதாது. எழுத்தர் ஒரு வரியை எழுதிவிட்டு மூலத்தைத் திரும்பப் பார்க்கிறார். அதே சொல் இரண்டு வரி கீழேயும் இருந்தால் கண் அங்கே தாவிவிடும், நடுவில் உள்ளது விட்டுப்போகும். இந்த நூலில் ‘அன்பு சொல்கிறாள்’, ‘ஆன்மா சொல்கிறாள்’ என்று பக்கத்துக்குப் பலமுறை வருவதால் தாவ வசதி அதிகம். யார் பேசுகிறார்கள் என்ற குறிப்பு மாறினால் அர்த்தமே தலைகீழாகிவிடும். ஷாந்தியியில் விட்டுப்போனது லத்தீனில் இருந்தால், லத்தீன் மொழிபெயர்ப்பாளர் முன்னால் இருந்தது நல்ல பழைய பிரெஞ்சுப் படி என்று ஊகிக்கலாம்.

ராபர்ட் லெர்னர் என்ற வரலாற்றறிஞர் 2010இல், எம்.என். புலம்பிய அந்த மோசமான பிரதிதான் மார்கரெத்தின் சொற்களுக்கு மிக அருகில் இருந்தது என்று வாதிட்டார். எம்.என். சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பவர்; அதனால் அவர் ஆங்கிலத்தின் அடியில் பழைய பிரெஞ்சு தெரிகிறது. அதற்கு முன், 1999இல், ஜெனவியேவ் அசெனோர் வலன்சியன் நகர நூலகத்துச் சுவடி ஒன்றில் ‘கண்ணாடி’யின் ஒரு சிறு பகுதி ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்தார். வேறு ஒரு பக்தித் தொகுப்புக்குள், பெயரில்லாமல், வடக்கத்திப் பிரெஞ்சு வழக்கில். முதன்முதலில் நூலை எரித்த ஊரிலேயே அதன் சில பக்கங்கள் இருந்திருக்கின்றன.

என்னைக் கேட்டால், ஒரே பிரதியை நம்பக் கூடாது. 1986இல் வந்த பதிப்பு பிரெஞ்சையும் லத்தீனையும் எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்தது. அதனோடு ஆங்கிலத்தையும் வைத்துப் படிப்பதே நேர்மையான வழி.

ஆன்மாவோடு பேசும் கிறிஸ்தவ நூல்கள் வேறு உண்டா?

நிறைய. “நெஞ்சே” என்று தன் மனத்தையே கூப்பிட்டுப் பாடுவது நமக்கு எவ்வளவு பழக்கமோ அவ்வளவு பழக்கம் அது அங்கேயும். 12ஆம் நூற்றாண்டில் பாரிஸில் வாழ்ந்த சேன்ட் விக்டர் ஹியூ, தன் ஆன்மாவோடு தானே பேசும் நூல் ஒன்றை எழுதினார். நூற்றுக்கணக்கான பிரதிகள் கிடைக்கின்றன. யாரும் தடை செய்யாத நூலின் எண்ணிக்கை அப்படித்தான் இருக்கும். 13ஆம் நூற்றாண்டின் ஜெர்மன் ஞானிப் பெண் மக்டபர்க் மெக்டில்டும் அன்பையும் ஆன்மாவையும் பேச வைத்தவர்தான். அவர் எழுதிய வட ஜெர்மன் மூலம் தொலைந்துபோய், தெற்கத்தி வழக்கில் முழுமையாக இருக்கும் பிரதி சுவிட்சர்லாந்தின் ஐன்சீடல்ன் மடத்தில் இருக்கிறது.

மைஸ்டர் எக்கார்ட் இதைப் படித்திருப்பாரா?

வாய்ப்பு உண்டு. மார்கரெத் இறந்த மறு ஆண்டு, ஜெர்மன் டொமினிக்கன் ஞானியான எக்கார்ட் பாரிஸில் கற்பிக்க வந்து, கியோம் வாழ்ந்த அதே டொமினிக்கன் இல்லத்தில் தங்கினார். எதையும் விரும்பாத, எதையும் வைத்துக்கொள்ளாத ஆன்மாவைப் பற்றி அவர் பின்னாளில் பேசிய பேச்சுக்கும் ‘கண்ணாடி’க்கும் உள்ள நெருக்கம் கண்ணில் படாமல் போகாது.

எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

இன்றைய ஆங்கிலத்தில் நல்ல மொழிபெயர்ப்புகள் இருக்கின்றன. முதல் அத்தியாயத்திலிருந்து வரிசையாகப் போக வேண்டும் என்று கட்டாயமில்லை. பலர் முதல் இருபது அத்தியாயத்திலேயே மூச்சு வாங்கி மூடிவிடுகிறார்கள். அலெக்சாந்தர் கதையைப் படித்துவிட்டு, ஆறாம் அத்தியாயத்துக்குப் போங்கள். அப்புறம் நேரே 82, அந்த ஆற்றுக்கு. அங்கிருந்து 87, 88 – அறிவின் சாவு. பிறகு 118, ஏழு படிகளும் ஒரே இடத்தில் சொல்லப்படும் அத்தியாயம். இவ்வளவும் ஆனபின் முதலிலிருந்து தொடங்கினால் வழி தெரியும்.

முடிந்தால் வாய்விட்டுப் படியுங்கள், இரண்டு மூன்று பேர் சேர்ந்து குரல் பிரித்துப் படித்தால் இன்னும் நல்லது. நூலே தன் வாசகரைப் பல இடங்களில் ‘கேட்பவர்களே’ என்றுதான் அழைக்கிறது. அறிவின் பகுதியை யாராவது உண்மையான சந்தேகத்தோடு வாசிக்க வேண்டும்.